மாவுத் தூசியும் மௌனம் காக்கும் சட்டமும்!

தலைநகர் தில்லியின் சாலையோர தாபாக்கள் தொடங்கி நட்சத்திர ஹோட்டல்களின் சமையற்கூடங்கள் வரை அன்றாடம் மூட்டை மூட்டையாகக் கோதுமை மாவும் மைதாவும் பிசையப்படுகின்றன. சுடச்சுட ரொட்டி கேட்டு உண்பவர்களுக்கு, அதைச் சுட்டுத் தருபவரின் நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கடமை உள்ள அரசும் அதைக் கணக்கெடுக்கவில்லை என்பதுதான் வேதனை.

மாவு உணவுப்பொருள்தானே, அதில் என்ன ஆபத்து என்கிற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், ரொட்டி சுடுவோரை மாவுத் தூசி எப்படி மூச்சிரைக்க வைக்கிறது என்பதை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸினி 1700-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டார். கோதுமையில் உள்ள புரதங்களும், மாவின் பக்குவத்துக்காகச் சேர்க்கப்படும் ஆல்ஃபா அமைலேஸ் என்கிற நொதியும் சுவாசக் குழாயில் ஒவ்வாமையை உண்டாக்குகின்றன என்பது இன்றைய மருத்துவ உலகம் உறுதி செய்துள்ள உண்மை.

தும்மல், கண் எரிச்சல், மூக்கில் நீர் வடிதல் என்று சாதாரண ஜலதோஷம் போலத்தான் இது தொடங்குகிறது. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, இரவு நேர இருமலும் மூச்சிரைப்பும் சேர்ந்துகொள்கின்றன. விடுமுறையில் ஊருக்குப் போனால் குறைவதும், வேலைக்குத் திரும்பியதும் கூடுவதும் இந்நோயின் அடையாளம். ஒவ்வாமை ஒருமுறை வேரூன்றிவிட்டால், பிறகு சிறிதளவு தூசியே போதும், மூச்சு முட்ட. கற்ற தொழிலையே கைவிட வேண்டிய நிலைக்கு அந்தத் தொழிலாளி தள்ளப்படுகிறார்.

விறகும் நிலக்கரியும் எரிக்கும் பேக்கரிகளும் உணவகங்களும் 6 மாதங்களுக்குள் தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வரவேற்கத்தக்க உத்தரவு. ஆனால், புகைபோக்கி வழியாக வெளியேறி நகரத்தாரைத் துன்புறுத்தும் புகைக்குக் கிடைத்த கவனம், நான்கு சுவர்களுக்குள்ளேயே சுழன்று தொழிலாளியின் மார்பில் இறங்கும் தூசிக்குக் கிடைக்கவில்லையே, ஏன்?

சட்டம் இல்லாமல் இல்லை. பணியிடம் தூசியற்றதாக இருக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் கூறுகிறது. பணியால் வரும் ஆஸ்துமாவுக்கு இழப்பீடு உண்டு என்கிறது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம். ஆனால், கண்டறிந்தால் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய 29 நோய்களின் பட்டியலில் சிலிகோசிஸ் இருக்கிறது, பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் இருக்கிறது, இந்த ஆஸ்துமா மட்டும் இல்லை. தெரிவிக்கத் தேவையில்லாத நோய்க்குக் கணக்கேது? கணக்கில்லாத நோய்க்கு இழப்பீடு கேட்டு வருபவர் எதைக் காட்டி நிரூபிப்பார்?

இழப்பீடு பெற, ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 6 மாதங்களேனும் பணிபுரிந்திருக்க வேண்டும் என்பது மற்றொரு தடை. பணி நியமனக் கடிதமோ வருகைப் பதிவேடோ இல்லாமல், கடைக்குக் கடை மாறும் பிகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளி அதற்கு எங்கே போவார்? போதாக்குறைக்கு, 10 பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடங்கள் பொதுவாகத் தொழில்பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே வருவதில்லை. பெரும்பாலான சிறு பேக்கரிகளும் தாபாக்களும் அப்படிப்பட்டவைதான்.

பிரிட்டனில் ஒரு கன மீட்டர் காற்றில், 8 மணி நேரச் சராசரியாக, 10 மில்லிகிராமுக்கு மேல் மாவுத் தூசி இருக்கக் கூடாது. அமெரிக்கத் தொழில்நல வல்லுநர் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்போ வெறும் 0.5 மில்லிகிராம். இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிகா, ஆஸ்பெஸ்டாஸ், சிமென்ட், நிலக்கரித் தூசிகளுக்கு வரம்பு விதித்திருந்தது. மாவுத் தூசியை அது கண்டுகொள்ளவே இல்லை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்துவிட்ட நிலையில், இனியாவது அந்தக் குறை களையப்பட வேண்டாமா?

சிறு முதலாளிகளுக்கு இது தாங்க முடியாத சுமை என்று வாதிடுவார்கள். உண்மை அதுவல்ல. மாவை உயரத்திலிருந்து கொட்டாமல் தாழ்வாக மெதுவாகச் சரிப்பது, பிசையும் இயந்திரத்தை மூடி வைத்து இயக்குவது, காலி மூட்டைகளை உதறாமல் மடிப்பது, துடைப்பத்தால் பெருக்குவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடைப்பது ஆகியவற்றுக்குப் பெரும் செலவேதும் இல்லை. தூசி கிளம்பும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் விசிறிக்குச் சற்றுச் செலவாகும். அதற்கு அரசு கடனுதவி அளிக்கலாம். இவை எதையும் செய்யாமல் முகக்கவசத்தை மட்டும் மாட்டிவிட்டுப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது தீர்வாகாது.

மத்திய அரசு செய்ய வேண்டியவை மூன்று. பணிவழி ஆஸ்துமாவைத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும். மாவுத் தூசிக்கு வரம்பு நிர்ணயிக்க வேண்டும். அபாயகரமான பணியிடங்களை, ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும், சட்டத்துக்குள் கொண்டுவரும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, சிறு சமையற்கூடங்களிலும் மருத்துவப் பரிசோதனையை உறுதி செய்ய வேண்டும்.

தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் அங்கம் என்று ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு கல்நார் ஆலைக்கு மட்டும் உரியதல்ல, அடுப்படிக்கும் உரியது. ஊருக்கு உணவு சமைப்பவர் மூச்சுக்குத் திணறும் நிலை, நாகரிக சமுதாயத்துக்கு இழுக்கு!