புளியங்கொட்டையும் வரைபடத்தாளும்

போன இதழில் பிள்ளைகளின் மாலைப் பலகாரம் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு நிறையக் கடிதங்கள். நடுவில் ஒரு சகோதரியின் கடிதம் வேறு மாதிரி. "பலகாரம் செய்து கொடுத்துவிடலாம் அக்கா. அதைத் தின்றுவிட்டு கிராப் நோட்டைத் திறந்ததும் என் மகள் அழ ஆரம்பிக்கிறாளே, அதற்கு என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பாம். கடைசியில், "எனக்கும் கணக்கு வராது, அவளுக்கும் அப்படியே" என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரியை மட்டும் மகள் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். ஆண் பிள்ளை கணக்கில் குறைந்தால் "விளையாட்டுப் புத்தி, டியூஷன் போட்டால் சரியாகிவிடும்" என்கிறோம். பெண் குறைந்தால் "அவளுக்கு வராது" என்று முடித்துவிடுகிறோம். எட்டாவதில் சொன்னது பதினொன்றாவதில் பிரிவு எடுக்கும்போது வந்து நிற்கும். கணக்கு இல்லாத பிரிவாகப் பார்த்துத் தேடுவாள். எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன்!

நான் பத்தாவது வரைதான் படித்தவள். நாலு வருஷமாக எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறேழு பேர் சாயங்காலம் எங்கள் கூடத்தில் வந்து உட்காருகிறார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் மறுபடி படித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கைகண்ட முறையை எழுதுகிறேன்.

முதல் நாள் நோட்டும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். இரண்டு பாவாடை நாடா, ஒரு கை புளியங்கொட்டை போதும். கூடத்தில் சதுர டைல்ஸ் இருந்தால் நல்லது. சிமெண்டுத் தரையானால் சாக்பீசால் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். டைல்ஸ் சேரும் கோட்டின் மேல் ஒரு நாடாவைக் குறுக்கே விரியுங்கள், இன்னொன்றை நெடுக்கே. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பெண்ணை நிற்க வையுங்கள். அதுதான் ஆதிப்புள்ளி. குறுக்கு நாடா எக்ஸ் அச்சு, நெடுக்கு நாடா ஒய் அச்சு. பெயரெல்லாம் பிறகு சொல்லிக்கொள்ளலாம், அவசரம் இல்லை.

இப்போது "3, 2" என்று சொல்லுங்கள். வலப்பக்கம் மூன்று கோடு நடந்து, பிறகு மேலே இரண்டு கோடு போய், ஒரு புளியங்கொட்டை வைக்க வேண்டும். கட்டத்துக்கு நடுவில் வைக்கக் கூடாது. கோடும் கோடும் சந்திக்கிற மூலையில் வைக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் கட்டத்துக்குள்தான் வைப்பார்கள். பரமபதமும் தாயமும் ஆடிய பழக்கம்! நேர்ப்புள்ளிக் கோலம் போடுகிற பெண்ணுக்கு இது சட்டென்று பிடிபடும், அங்கே புள்ளிதானே முக்கியம்.

அடுத்து "2, 3". அவள் அதே கொட்டையைக் காட்டினால் திட்டாதீர்கள். மறுபடி ஆதிப்புள்ளியில் நிறுத்தி நடக்கச் சொல்லுங்கள். வேறு இடத்தில் போய் நிற்பாள், அவளே சிரிப்பாள். "தரையில் நடந்த பிறகுதான் மாடிப்படி ஏறணும்" என்று நான் சொல்லிக் கொடுப்பது வழக்கம். முதல் எண் நடை, இரண்டாம் எண் ஏற்றம். சினிமாக் கொட்டகை டிக்கெட்டில் வரிசையும் இருக்கை எண்ணும் போட்டிருப்பது போலத்தான். இரண்டும் சேர்ந்தால்தான் ஓர் இடம்.

பூஜ்யத்தில் கொஞ்சம் நின்று சொல்லிக் கொடுங்கள். "0, 3" என்றால் நடையே கிடையாது, நின்ற இடத்திலிருந்து ஏற்றம் மட்டும். "4, 0" என்றால் நடை உண்டு, ஏற்றம் கிடையாது. இதில் தடுமாறாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஐந்தாறு தடவை நாடா மேலேயே நடக்க விடுங்கள்.

மைனஸ் என்றதும்தான் முகம் சுருங்கும். ஏனென்றால் அவர்களுக்கு மைனஸ் என்றால் கழித்தல், குறைவு, மார்க் போய்விட்டது! இங்கே அது திசை, அவ்வளவுதான். எக்ஸ் மைனஸ் என்றால் இடப்பக்கம் நடக்க வேண்டும். ஒய் மைனஸ் என்றால் கீழே இறங்க வேண்டும். நான்கு கால்பகுதியிலும் பத்துப் பத்துக் கொட்டை வைத்து முடித்தால் முதல் நாள் பாடம் ஆயிற்று. கொட்டையை எண்ணி எடுத்து வையுங்கள், சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் மூக்கில் போட்டுக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டுக்கு வழி காட்டியவர் பிரான்ஸ் தேசத்து டெகார்ட் என்பவர். 1637-இல் வந்த அவருடைய புத்தகத்தில் கோடுகளையும் வளைவுகளையும் சமன்பாடாக எழுதிக் காட்டினார். லத்தீனில் அவர் பெயர் கார்ட்டீசியஸ், அதனால்தான் பாடப் புத்தகத்தில் கார்ட்டீசியன் தளம் என்று போட்டிருக்கிறது. கூரையில் ஈ ஊர்ந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள், அது கதைதான். ஆனால் காலையில் வெகு நேரம் படுக்கையை விட்டு எழாத மனிதர் என்பது நிஜம். சுவீடன் ராணி கிறிஸ்டினா விடியற்காலை ஐந்து மணிக்குப் பாடம் சொல்ல வரச் சொல்லி, அந்தக் குளிரில் நிமோனியா கண்டு 1650-இல் இறந்துபோனார். நம் பிள்ளைகள் இந்தக் கதையைக் கேட்டால் காலையில் எழுப்பும்போது சாக்குச் சொல்வார்கள், ஜாக்கிரதை.

மறுநாள் வரைபடத்தாளை எடுக்கலாம். சமன்பாடு என்ற சொல்லை உடனே எடுக்காதீர்கள். இட்லியில் ஆரம்பியுங்கள். ஆளுக்கு 4 இட்லி, யாராவது திடீரென்று வந்துவிட்டால் இருக்கட்டும் என்று கூட 6. ஒருவருக்கு 10, இரண்டு பேருக்கு 14, மூன்று பேருக்கு 18, ஐந்து பேருக்கு 26. யாருமே சாப்பிட வராவிட்டாலும் 6. (அந்த ஆறையும் மறுநாள் உப்புமாவாக யார் தின்பது என்று எங்க வீட்டுக்காரர் கேட்பார். அது வேறு கணக்கு.)

ஆட்களைக் குறுக்கே, இட்லியை மேலே வைத்துப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு புள்ளி வைக்கும்போதும் அதை வாய்விட்டு ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். "மூன்று பேர் வந்தால் 18 இட்லி." வெறுமே "3, 18" என்று விடக் கூடாது. நான் பிடிவாதமாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். புள்ளி என்பது தாளில் வைத்த பொட்டு இல்லை, இரண்டு எண்ணைச் சேர்த்துச் சொல்கிற ஒரு சேதி என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஸ்கேலை வைத்துப் பார்த்தால் எல்லாப் புள்ளியும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். "எப்படி அத்தை?" என்று கேட்பார்கள். அவர்களையே யோசிக்க விடுங்கள். ஒவ்வோர் ஆள் கூடும்போதும் அதே 4 கூடுகிறது. ஏற்றம் மாறாத மாடிப்படி வளையுமா? இப்போது எழுதுங்கள்: ஒய் = 4 எக்ஸ் + 6. நாலுதான் சாய்வு, ஆறுதான் ஒய் அச்சில் வெட்டுத்துண்டு. பொருளை முதலில் பார்த்துவிட்டதால் பெயர் பயமுறுத்தாது.

இங்கே ஒரு கேள்வி வரும், வராவிட்டால் நீங்களே கேளுங்கள். புள்ளிகளைக் கோடு போட்டுச் சேர்க்கலாமா? இட்லிக் கணக்கில் இரண்டரை ஆள் கிடையாது. ஆகவே புள்ளி மட்டும்தான் நிஜம், கோடு ஒரு துணைக்கு. கேஸ் சிலிண்டர் அப்படி இல்லை. வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். ஒரு வீட்டில் நாளுக்கு அரைக் கிலோ ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒய் = 14.2 − 0.5 எக்ஸ். பத்தாம் நாள் 9.2, இருபதாம் நாள் 4.2. கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் கோட்டை இழுத்தே போடலாம். இந்தக் கோடு இறங்குகிறது, எக்ஸ் அச்சை 28-ஐத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தொடுகிறது. அதற்குக் கீழே கோடு போகலாமா என்று கேட்டேன். எங்கள் கூட்டத்தில் ஒரு வாண்டு, "மைனஸ் கேஸ்னா பக்கத்து வீட்ல கடன் வாங்கினது அத்தை" என்றான்! சிலிண்டருக்குள் மைனஸ் இல்லை, அச்சோடு கோட்டை நிறுத்து என்றேன். அவன் சொன்னதும் தப்பில்லைதான்.

நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளி போதும். ஆனால் மூன்று வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது புள்ளி காவல்காரன். கணக்கில் எங்காவது தப்பு இருந்தால் அது கோட்டை விட்டு விலகி நின்று காட்டிக் கொடுத்துவிடும். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் வரைபடத்துக்கென்றே 8 மதிப்பெண் கேள்வி வருகிறது, அங்கேயும் புள்ளிகளை இப்படிச் சரிபார்க்கிற பழக்கம் கைகொடுக்கும்.

அடுத்த வரைபடம் வீட்டுக்கே உபயோகமானது. பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி பேரனுக்கு ஜுரம் பார்த்திருக்கிறார். புது டிஜிட்டல் தெர்மாமீட்டர், சென்டிகிரேடில் காட்டுவது. "39.5 தானே, 100 கூட ஆகலையே" என்று கஷாயம் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார். மகள் வேலையிலிருந்து வந்து தொட்டுப் பார்த்தபோது உடம்பு கொதிக்கிறது. 39.5 என்றால் பாரன்ஹீட்டில் 103.1! நல்ல வேளை, அன்று ராத்திரியே டாக்டரிடம் போனார்கள்.

இதற்கு வரைபடம் இப்படி. குறுக்கே 35 முதல் 40 வரை சென்டிகிரேடு, ஒரு டிகிரிக்கு 2 செ.மீ. மேலே 95 முதல் 104 வரை பாரன்ஹீட், ஒரு டிகிரிக்கு 1 செ.மீ. பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை என்பதற்கு அச்சின் அடியில் சின்ன நெளிவு போடச் சொல்லுங்கள். 35-க்கு 95, 40-க்கு 104, இரண்டையும் சேருங்கள். காவல்காரப் புள்ளி 37-க்கு 98.6. அது கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டால் சரி. அப்புறம் 38-இல் நின்று மேலே போனால் 100.4, 39-இல் 102.2. பிள்ளை கையால் போட்ட அந்தத் தாளை மருந்து வைக்கிற அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பாட்டிக்கும் ஆகும், நமக்கும் ஆகும்.

கொஞ்சம் பெரிய பிள்ளையானால் இன்னொன்று கேளுங்கள்: இந்த இரண்டு அளவும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் உண்டா? கோட்டைக் கீழே, இடது பக்கமாக நீட்டிக்கொண்டே போனால் மூன்றாம் கால்பகுதியில் மைனஸ் 40-இல் இரண்டும் ஒன்றாகிறது. மைனஸ் பக்கம் சும்மா வைத்திருக்கவில்லை என்று அப்போது தெரியும். சுவீடன் தேசத்து செல்சியஸ் 1742-இல் தம் அளவைச் சொன்னபோது கொதிநிலையை 0 என்றும் உறைநிலையை 100 என்றும் தலைகீழாக வைத்திருந்தார். பிறகுதான் திருப்பினார்கள். திருப்பாமல் விட்டிருந்தால் நம் ஜுரக் கோடு கேஸ் கோடு மாதிரி இறங்கியிருக்கும், ஜுரம் ஏற ஏற எண் குறைந்திருக்கும். நினைத்தாலே தலை சுற்றுகிறது.

எங்கள் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கிராப் என்றால் வயிற்றுவலி என்று வகுப்புக்கே போகாமல் இருந்தவள். இரண்டு மாதம் புளியங்கொட்டை, இட்லி, கேஸ் என்று ஓட்டினோம். போன தையில் அவள் அக்கா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தையின் தாய்-சேய் நல அட்டை மேஜை மேல் கிடந்ததாம். அதில் குறுக்கே மாதம், மேலே எடை கிலோவில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பட்டை போட்டிருக்கும்.

இவள் அதை எங்கள் பழக்கப்படி வாய்விட்டுப் படித்திருக்கிறாள். "ஆறாம் மாசம் 6.6 கிலோ. ஏழாம் மாசம் 6.6. எட்டாம் மாசம் 6.6." அக்கா, "பச்சையிலதானேடி இருக்கு, அப்புறம் என்ன?" என்றிருக்கிறாள். இவள் விடவில்லை. "பச்சைதான் அக்கா. ஆனா பட்டையெல்லாம் மேலே ஏறுது, நம்ம பாப்பா புள்ளி மூணும் படுத்திருக்கு. சாய்வே இல்லை. இப்படியே போனா மஞ்சளுக்குள்ள போயிடும்" என்று ஸ்கேலை வைத்துக் காட்டியிருக்கிறாள்.

மறுநாள் அட்டையை எடுத்துக்கொண்டு இருவரும் செவிலியரிடம் போனார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, தாய்ப்பாலோடு வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்பது. ஒன்றும் கொடுக்கவில்லை, பல் முளைக்கட்டும் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். ஆறு மாதம் முடிந்ததுமே தாய்ப்பாலோடு திட உணவும் தொடங்கியிருக்க வேண்டும் என்று சொல்லி, குழையக் குழைய சோறும் பருப்பும், நெய்யோ எண்ணெயோ ஒரு ஸ்பூன், மசித்த பழம், காய் என்று வேளை வேளையாகக் கொடுக்கச் சொன்னார். நோய் எதுவும் இல்லை என்று டாக்டரும் பார்த்துச் சொல்லிவிட்டார்.

ஒன்பதாம் மாதம் எடை போட்டபோது 6.9. அந்தப் புள்ளியை அட்டையில் வைத்தது சித்திக்காரிதான். பிறகு என் வீட்டுக்கு ஓடி வந்து, "அத்தை, கோடு எழுந்து நின்னுடுச்சு" என்றாள்.