இடிபட்ட காருக்கும் பொருத்தம் பார்க்கணும்!

ஆளை அசத்தும் சிவப்பு நிறம். இரண்டே கதவு. தரையை உரசுவதுபோல் தாழ்ந்து நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார். புதிதாக வாங்கினால் ஒரு ஃபிளாட்டின் விலை ஆகும். இவரோ மூன்றில் ஒரு பங்குக்குத் தருகிறேன் என்கிறார். ‘‘சின்ன ஆக்ஸிடென்ட்தான் சார். பம்பரும் பானெட்டும் மாத்தியாச்சு. இப்ப ஷோரூம் வண்டி மாதிரி இருக்கு’’ என்று சாவியை நீட்டுகிறார். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ கண்ணில் ஆசை மின்னுகிறது. என்ன செய்வீர்கள்?

வண்டியைச் சுற்றி வந்து பெயின்டைத் தட்டிப் பார்ப்போம். டயரைப் பார்ப்போம். இன்ஜின் சத்தத்தைக் கேட்போம். 30 வருடங்களுக்கு முன்பு அது போதும். இப்போது போதாது. ஏனென்றால், காரின் உண்மையான கதை தகரத்தில் இல்லை. உள்ளே ஒளிந்திருக்கும் சின்னச் சின்ன அலுமினியப் பெட்டிகளில் இருக்கிறது.

அந்தப் பெட்டிகளுக்குத்தான் ‘இ.சி.யு.’ என்று பெயர். மெக்கானிக்குகள் சிலர் ‘இ.சி.எம்.’ என்பார்கள், ‘கார் கம்ப்யூட்டர்’ என்றாலும் புரியும். ஒரு காலத்தில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் வேலையை கார்புரேட்டர் செய்தது. ஒரு ஸ்குரூடிரைவர் இருந்தால் தெருமுனை மெக்கானிக்கே ‘டியூனிங்’ செய்துவிடுவார். 1967-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம், ஃபோக்ஸ்வாகன் 1600 காருக்கு மின்னணு முறையில் பெட்ரோலை அளந்து தரும் அமைப்பைக் கொடுத்தது. நம் ஊரில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகை விதிகள் இறுக, கார்புரேட்டர் மெள்ள மெள்ள விடைபெற்றது. இன்ஜினுக்கு ஒரு பெட்டி என்று தொடங்கியது, பிறகு கியருக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர் பேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங் பூட்டுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று பெருகிவிட்டது. இன்றைய சொகுசு கார்களில் இவை டஜன் கணக்கில் உண்டு.

இத்தனை பெட்டிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டுமே? அதற்காக 1986-ல் அதே பாஷ் நிறுவனம் அறிமுகம் செய்ததுதான் ‘கேன்’ என்ற முறை. முறுக்கிவிட்ட இரண்டே ஒயர்கள். அதில்தான் எல்லாப் பெட்டிகளும் பேசுகின்றன. பிரேக் பெட்டி ‘சக்கரம் வழுக்குகிறது’ என்று சொன்னால், இன்ஜின் பெட்டி உடனே வேகத்தைக் குறைக்கிறது.

ஸ்டார்ட் ஆகும்... நின்றுவிடும்!

மோதி நொறுங்கிய காரை எடுத்து மறுபடி கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டிங்கரிங் முடிந்துவிட்டது. பெயின்ட் பளபளக்கிறது. மோதலில் உடைந்துபோன இன்ஜின் பெட்டிக்குப் பதிலாக, அதே மாடல் கார் ஒன்றிலிருந்து கழற்றிய பழைய பெட்டியை வாங்கி மாட்டியாயிற்று. எழும்பூரை ஒட்டி, கூவம் கரையில் இருக்கும் புதுப்பேட்டையைத் தெரியாத மெக்கானிக் சென்னையில் உண்டா? கண்ணாடி முதல் கியர் பாக்ஸ் வரை, பிரித்த கார்களின் பாகங்கள் குவிந்து கிடக்கும் இடம் அது.

பிளக் பொருந்துகிறது. பாக நம்பரும் ஒன்றுதான். ஆனால், சாவியைத் திருகினால், ‘‘ஸ்டார்ட் ஆகுது சார்... ரெண்டே செகண்ட்ல நின்னுடுது’’ என்று கையைப் பிசைகிறார் மெக்கானிக். சில கார்கள் ஸ்டார்ட்டே ஆகாது.

காரணம், பொருத்தம் இல்லை! கல்யாணத்துக்கு நட்சத்திரம், ராசி என்று பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல, இந்தப் பெட்டிகளும் பார்க்கின்றன. ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண் உண்டு. இன்ஜின் பெட்டிக்குள் அந்த எண்ணும், சாவியை அடையாளம் காணும் ரகசியக் குறியீடும் எழுதப்பட்டிருக்கும். வேறு காரின் பெட்டி வந்தால், மற்ற பெட்டிகள் ‘இது நம் வீட்டு ஆள் இல்லை’ என்று கதவைச் சாத்திவிடும். திருட்டைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆடி போன்ற கார்களில் இன்னும் ஒரு படி மேலே. வேறு வண்டியின் மீட்டரையோ, ஏ.சி. பெட்டியையோ மாட்டினால்கூட, நிறுவனத்தின் சர்வரோடு இணைத்து அனுமதி வாங்கினால்தான் அது முழுமையாக வேலை செய்யும்.

இங்கேதான் ‘ரீபுரோகிராமிங்’ வருகிறது. பழைய பெட்டியில் இருக்கும் முந்தைய காரின் அடையாளத்தை அழித்து, இந்தக் காரின் எண்ணையும் சாவிக் குறியீட்டையும் எழுத வேண்டும். புதுப் பெட்டி என்றால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வரோடு இணைத்து எழுதுவார்கள். பழையது என்றால், உடைந்த பெட்டியின் மெமரி சிப்பில் இருப்பதைப் படித்து, அதைப் புதிய இடத்தில் எழுதும் நுணுக்கமான வேலை. லேப்டாப்பும் பொறுமையும் கொண்ட சில கெட்டிக்காரர்கள் இதைச் செய்கிறார்கள்.

இதில் ஒரு பெரிய ஆபத்து, கரன்ட். எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கினால், பாதி எழுதிய நிலையில் பெட்டி செத்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், முதலில் பேட்டரியோடு சீரான மின்சாரம் தரும் சாதனத்தை இணைத்துவிட்டுத்தான் லேப்டாப்பையே திறப்பார்கள். ‘‘நடுவுல சாவியைத் தொடாதீங்கண்ணே’’ என்று பக்கத்தில் நிற்பவரையும் எச்சரிப்பார்கள்.

2015 சொன்ன பாடம்

சென்னைக்காரர்களுக்கு இந்தப் பெட்டிகளின் அருமையைப் புரியவைத்தது 2015 டிசம்பர். 1-ம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை மீறி கோட்டூர்புரத்துக்குள்ளும் சைதாப்பேட்டைக்குள்ளும் புகுந்தது. அடுக்குமாடிகளின் அடித்தள பார்க்கிங்கில் நின்ற கார்கள் கூரை வரை மூழ்கின.

வெளியே பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால், பெரும்பாலான கார்களில் ஏர் பேக் பெட்டி இருப்பது இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே, தரையை ஒட்டி. வேறு சில பெட்டிகள் சீட்டுக்கு அடியிலும், கால் வைக்கும் இடத்துக் கார்பெட்டுக்குக் கீழேயும் இருக்கும். ஸ்போர்ட்ஸ் காரோ பிறவியிலேயே குள்ளம். முழங்கால் அளவு தண்ணீரே அதன் மூளைக்குள் புகுந்துவிடும். சேற்றுத் தண்ணீர் காய்ந்த பிறகும், உள்ளே செம்புப் பாதைகள் பச்சை பூத்து அரித்துக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்துக்கூட நடுவழியில் காலை வாரும்.

பழுது நீக்கும் செலவு, காருக்குக் குறித்த காப்பீட்டு மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், அதை ‘முழு இழப்பு’ என்று கணக்கிட்டுவிடுவார்கள். உரிமையாளருக்குப் பணம் போகும். வண்டி ஏலத்துக்குப் போகும். அதை எடுப்பவர்களில் ஒரு பகுதியினர் பாகம் பாகமாகப் பிரித்து விற்பார்கள். இன்னொரு பகுதியினர் மறுபடி கட்டி ஓட்டுவார்கள். இது தப்பில்லை. நேர்மையாகக் கட்டினால் ஒரு நல்ல இயந்திரத்துக்கு மறுபிறவி. எதை மாற்றினோம் என்று சொல்லி விற்றால் வாங்குபவருக்கும் லாபம்.

அதே லேப்டாப் பொய்யும் எழுதும்

சிக்கல் எங்கே என்றால், பொருத்தம் எழுதும் அதே லேப்டாப்பால் பொய்யும் எழுத முடியும்.

கார் பலமாக மோதி ஏர் பேக் வெடித்தால், அதன் பெட்டி அந்த மோதலை மெமரியில் பதிந்து வைத்துக்கொள்ளும். மீட்டரில் சிவப்பு விளக்கு அணையாது. முறைப்படி புதுப் பெட்டி, புது ஏர் பேக், விபத்தில் இறுகிப்போன சீட் பெல்ட்டுக்குப் பதில் புது பெல்ட் என எல்லாம் மாற்ற வேண்டும். செலவு கையைக் கடிக்கும். அதனால் சிலர் மெமரியில் உள்ள விபத்துப் பதிவை மட்டும் அழித்துவிடுகிறார்கள். ஏர் பேக் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்து ஒயரை முடித்துவிடுகிறார்கள். பெட்டி, ‘ஏர் பேக் இருக்கிறது’ என்று நம்பிவிடும். விளக்கும் ஒழுங்காக அணையும். மேலே அழகான புது மூடி. உள்ளே வெறும் காற்று.

ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்காரப்போவது உங்கள் மகனோ மகளோ என்று நினைத்துப் பாருங்கள். வண்டி கொஞ்ச நேரம் ஓரமாக நின்றால் போகிறது. ஆனால், இந்தப் பொய் தெரியவருவது, அடுத்த மோதல் நடக்கும் அந்தக் கணத்தில் மட்டும்தான்.

பெட்டிக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது சின்னப் பட்டறைகளின் தனிச்சொத்தும் அல்ல. சென்னை மூழ்குவதற்கு இரண்டரை மாதம் முன்பு, 2015 செப்டம்பரில், ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களின் மோசடி அமெரிக்காவில் அம்பலமானது. புகைச் சோதனை நடக்கிறது என்று பெட்டியே கண்டுபிடித்து, அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும்படி புரோகிராம் எழுதியிருந்தார்கள். உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள்!

வாங்கும் முன் என்ன பார்க்கலாம்?

* ஒரே ஒரு பெட்டியை அல்ல, எல்லாப் பெட்டிகளையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் பதிவாகியிருக்கும் 17 இலக்க எண்ணை, ஆர்.சி. புத்தகத்தோடும் சேஸிஸில் பொறித்த எண்ணோடும் ஒப்பிடுங்கள். வேறு எண் இருந்தால் காரணம் கேளுங்கள். மறைக்காமல் பில் காட்டுபவரை நம்பலாம்.

* ஓடிய கிலோமீட்டர் மீட்டரில் மட்டும் இருப்பதில்லை. பல கார்களில் வேறு பெட்டிகளிலும் பதிவாகும். பி.எம்.டபிள்யூ-வின் பல மாடல்களில் இந்தக் கணக்கு ஒத்துப்போகாவிட்டால், மீட்டரில் சின்னதாக ஒரு புள்ளி தோன்றிக் காட்டிக்கொடுக்கும்.

* சாவியைத் திருப்பியதும் ஏர் பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். ஒழுங்காக எரிந்து அணைந்தாலும் அதையே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூடியைக் கழற்றி, உள்ளே ஏர் பேக் இருப்பதைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள்.

* சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால், அது குளித்த கார். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும் பாருங்கள்.

* காப்பீட்டு நிறுவனத்தில் பழைய கிளெய்ம் விவரம் வாங்கித்தரச் சொல்லி விற்பவரிடமே கேளுங்கள். தயங்கினால், உங்களுக்கு வேலை மிச்சம்.

இன்னொன்று, உங்கள் சொந்தக் காருக்கு. 2024 அக்டோபரில் பலத்த மழை எச்சரிக்கை வந்ததுமே, வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, பலரும் சிரித்தார்கள். ஆனால், அவர்கள் 2015-ஐ மறக்காதவர்கள். துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்தால், சுற்றிக்கொண்டு போங்கள். மூழ்கிய காரை ‘ஓடுதா பார்ப்போம்’ என்று ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் உடைந்துவிடும். ஈரப் பெட்டிகளில் மின்சாரம் பாய்ந்தால் அவையும் கருகும். தண்ணீர் வடிந்ததும் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். பாலிசி புதுப்பிக்கும்போது, இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் இருக்கிறதா என்று இந்த மழைக்காலத்துக்கு முன்பே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.