வீடற்றோரும் நமது கடமையும்

கிறிஸ்து பிறப்புத் திருநாளை முன்னிட்டு ஏழைகளுக்குக் கம்பளி வழங்குவது நமது கலாசாலையின் வழக்கம். சென்ற திருநாளின்போது மாணவர் சிலருடன் யானும் இரயில் நிலையத்தருகே சென்று, நடைபாதையிற் படுத்திருந்தோருக்குக் கம்பளிகளைக் கொடுத்துக் கீதங்கள் பாடி, மனநிறைவோடு விடுதிக்குத் திரும்பினேன். ஒரு வாரங் கழித்து அவ்வழியே செல்ல நேர்ந்தபோது, எம்மிடம் கம்பளி பெற்ற முதியவர் ஒருவர் வெறுந்தரையில் ஒடுங்கிக் கிடக்கக் கண்டேன். "ஐயா, கம்பளி எங்கே?" என வினவினேன். அவர் சிறிதும் சினங்கொள்ளாது, "பகலிலே மூட்டை தூக்கப் போகிறேன், தம்பி. அதை எங்கே வைத்துவிட்டுப் போவேன்?" என்றார். அவ்வினாவிற்கு விடை கூறவியலாது நின்ற யான், பின்னர்ச் சிந்தித்தவற்றையே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

வீடென்பது மழைக்கு ஒதுங்கும் கூரை மட்டுமன்று. உடைமையை வைத்துப் பூட்டவும், நோயுற்றால் படுக்கவும், பிறர் நம்மைத் தேடி வரவும் உரிய இடம் அஃது. முகவரி இல்லாதவனுக்குக் குடும்ப அட்டை பெறுதலும் அரிது. முதியோர் உதவித் தொகை பெறுதலும் அரிது. 2011-ஆம் ஆண்டின் குடிமதிப்பில் நம் நாட்டில் 17 இலட்சத்திற்கு மேற்பட்டோர் வீடற்றவராகக் கணக்கிடப்பட்டனர். அவர்களுக்கு நாம் கொடுப்பதோ ஆண்டிற்கொரு கம்பளி!

"இவர்கள் சோம்பேறிகள், ஈவதால் இவர்களைக் கெடுக்கின்றோம்" என்பார் நம்முள் உளர். அம்முதியவர் பகலெல்லாம் சுமை சுமக்கின்றார். நம் நகரங்களில் மாளிகை எழுப்பும் கூலியாட்களும், மாலை தொடுத்து விற்கும் பெண்டிருமே இரவில் தெருவோரத்தில் உறங்கக் காண்கின்றோம். உழைப்பின்மையன்று, வாடகைக்குப் போதாத கூலியே பலரை அங்குக் கிடத்தியது. பிள்ளைகளாற் கைவிடப்பட்ட முதியோரையும், மனநோயுற்று வழி தவறியோரையும் சோம்பேறிகள் எனல் எங்ஙனம் பொருந்தும்?

இவ்விஷயத்தில் நமக்கு முன் நடந்தோர் வரலாறு நினைக்கத்தக்கது. இரட்சணிய சேனையைத் தோற்றுவித்த வில்லியம் பூத் 1887-ஆம் ஆண்டின் இறுதியில் ஓரிரவு இலண்டன் பாலத்தைக் கடந்தபோது, அங்கே ஏழைகள் குளிரிற் படுத்துறங்கக் கண்டு மனம் வருந்தினார். மறுநாளே தம் மகனை அழைத்து, அவர்களுக்காக ஏதேனும் செய்யும்படி பணித்தார். 1888-இல் இலண்டன் மாநகரின் கீழ்ப்பகுதியில் மலிவான உணவும் படுக்கையும் கொடுக்கும் இல்லமொன்று திறக்கப்பட்டது. 1890-இல் வெளியிட்ட நூலில் அவர் கூறும் உவமை ஒன்றுண்டு: வண்டிக் குதிரை தெருவில் விழுந்தால், அஃது ஏன் விழுந்தது என்று வழக்காடாமல் முதலில் தூக்கி நிறுத்துகின்றனர், அதற்குத் தீனியும், கொட்டிலும், வேலையும் உண்டு. அவ்வளவேனும் மனிதனுக்கு வேண்டாவோ என்பதே அவர் கேள்வி.

"சோற்றைக் காட்டி மதத்திற்கு இழுக்கின்றீர்" என்ற குற்றச்சாட்டும் உண்டு. இதனை நாம் வெகுண்டு தள்ளிவிடலாகாது. பசித்தவன் கேட்டே தீரவேண்டிய பிரசங்கம் பிரசங்கமாகாது. உணவிற்கு விலையாகப் பெறும் விசுவாசம் விசுவாசமுமாகாது. நல்ல சமாரியன் அடிபட்டவனிடம் குலமும் சமயமும் வினவவில்லை. தன் சமயத்தைப் போதிக்கவுமில்லை. அவனைச் சத்திரத்திற் சேர்ப்பித்துச் செலவிற்குப் பொருளும் கொடுத்து, மீண்டும் வருவதாகச் சொல்லிச் சென்றான். மீண்டும் வருதலே நம் தொண்டில் இல்லாதது. கம்பளி கொடுத்தோம், திரும்பிச் செல்லவில்லை.

ஆகவே மாணவ நண்பர்காள்! யான் வேண்டுவது பெரிதன்று. இலட்சம் மக்களுக்கு ஒன்றாக, ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்கும் தங்குமிடங்கள் நகரங்களில் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2010-இல் கட்டளையிட்டது. நகரசபையின் தங்குமிடம் நமக்கு அருகில் எங்குள்ளதென அறிந்து கொள்வோம். அறியாதவரை அங்கு அழைத்துச் செல்வோம். இல்லாவிடில் எழுதிக் கேட்போம். நால்வர் நால்வராகக் கூடி வாரந்தோறும் ஒரே தெருவிற்குச் செல்வோம். அங்குள்ளோரின் பெயரைக் கேட்டறிவோம். அவரைப் படமெடுத்துப் பிறருக்குக் காட்டாதிருப்போம். மருத்துவசாலைக்கும் அரசாங்க அலுவலகத்திற்கும் உடன் செல்வோம். பழைய மாணவராகிய மருத்துவரும் வழக்கறிஞரும் மாதம் ஒரு மாலைப் பொழுதை இதற்கென அளித்தால், கம்பளிகளினும் மிகுந்த பயன் விளையும்.

சத்திரத்தில் இடமின்றி முன்னணையிற் கிடத்தப்பட்ட குழந்தையின் பிறப்பையே நாம் ஆண்டுதோறும் கொண்டாடுகின்றோம். இடமில்லை என்ற அச்சொல்லை நம் நகரம் இன்றும் பலருக்குச் சொல்லி வருகின்றது. வரும் திருநாளில் அம்முதியவரை மீண்டும் காணின், கம்பளியை எங்கே வைப்பது என்ற அவர் வினாவிற்கு விடையோடு செல்வோமாக.