வேம்பு நிற்கட்டும்!

தஞ்சையில் நாஞ்சிக்கோட்டைச் சாலைப் பக்கம் நாங்கள் மனை வாங்கியபோது, மூலையில் பழைய வரப்போரத்து வேம்பு ஒன்று நின்றது.

"2018 கஜாவிலே எத்தனை மரம் சாய்ஞ்சுது! வெட்டிடலாமா?" என்றார் என் கணவர். "தள்ளிக் கட்டிக்கலாம்ங்க" என்றேன். சம்மதித்தார்.

ஆனால், ஆபத்து கோடரியால் வரவில்லை. தாழ்ந்த வயலாச்சே என்று மூன்றடி மண் கொட்டி மேடாக்கினார்கள், அடிமரத்தையும் மூடிவிட்டார்கள். வேருக்குக் காற்றில்லை. மறு வருஷமே உச்சிக் கிளைகள் காய்ந்தன. பதறிப்போய் மண்ணை அள்ளி, பழைய தரை தெரியும்படி கிணறு மாதிரி செங்கல் வட்டம் கட்டினோம். பாதி மரம் பிழைத்தது.

சகோதரிகளே, கிளை பரவிய அளவுக்குக் கீழே மண், ஜல்லி, சிமெண்ட் எதையும் கொட்ட விடாதீர்கள். அஸ்திவாரத்துக்காகப் பெரிய வேரை வெட்டினால் காற்றில் மரம் சாயும்.

நிலம் விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில், சாலை போக 10 சதவீதம் பூங்காவுக்கு விட வேண்டும். பழைய மரங்கள் அதற்குள் வரும்படி முதலிலேயே பேசிவிடுங்கள்.

இந்தச் சித்திரைப் பிறப்புக்கு எங்கள் வேம்பின் பூவில்தான் பச்சடி!