கரையேறியவர்களும் காலக்கெடுவும்

2022 மார்ச் முதல், பொருளாதார நெருக்கடியால் வாடிய இலங்கையிலிருந்து தமிழர்கள் படகேறி வந்து தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இறங்கினர். மண்டபம் முகாம் அவர்களுக்குத் தங்க இடம் தந்தது. ஆனால் எந்தச் சட்டப்படி, எத்தனை காலத்திற்கு?

அகதிகள் குறித்த 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச்சட்டமும் நம்மிடம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியமோ, அகதியாக ஏற்கப்பட்டவருக்குக் குறைந்தது 3 ஆண்டு வசிப்பு அனுமதி, பின்பு புதுப்பிக்கும் வழி என்று 2011-இல் விதி வகுத்தது. புதுப்பிக்க அலைவதும் துன்பமே. எனினும் கையில் ஓர் உரிமை இருக்கிறது.

இங்கே இருப்பது விலக்கு மட்டுமே. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து நடுவண் அரசு 2025 செப்டம்பரில் விடுவித்தது. வரவேற்கிறோம். ஆயினும் அது குடியுரிமை அன்று. 2022-இல் வந்தவர்களுக்கோ அந்த விலக்கும் இல்லை.

பசிக்கு அஞ்சி வந்தவர் அகதி அல்லர் என்பது சிலர் வாதம். அப்படியே ஆனாலும், அவர் எவ்வளவு காலம் தங்கலாம், என்ன வேலை செய்யலாம் என்று சொல்லும் எழுத்து விதி வேண்டாமா?

திருக்குடும்பம் எகிப்தில் அடைக்கலம் தேடியதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். முகாமுக்கு அரிசியும் துணியும் கொண்டு செல்கிறோம், நல்லதே. அத்துடன், காலக்கெடுவை நீட்டவும், புதுப்பிக்கத்தக்க வசிப்பு அனுமதி வழங்கவும் நம் மக்களவை உறுப்பினரிடம் பங்குகள்தோறும் மனுக் கொடுப்போமா? சிந்திப்போம்.