ஆறு சக்கரம், ஒரே அளவு

மேற்கு ஆஸ்திரேலியாவில் டெர்பி பக்கம் தொடங்கி, கிம்பர்லி நிலப்பரப்பைக் குறுக்காகக் கடக்கிறது கிப் ரிவர் சாலை. நீளம் ஏறத்தாழ 660 கிலோமீட்டர். பெரும்பகுதி தார் காணாத மண்சாலை; நெளிதகரத்தை விரித்துப் போட்டதுபோல் அலையலையாகக் கிடக்கும், நடுநடுவே கூர்ங்கற்கள். மழை ஓய்ந்த மாதங்களில் இந்தச் சாலையில் ஓடும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் பல, பின்னால் ஒரு கேம்பர் ட்ரெய்லரை இழுத்துச் செல்கின்றன. மடித்து வைத்த கூடாரம், அடுப்படி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இரண்டு சக்கரத்தின் மேல் ஏறிய ஒரு சிறு வீடு அது. சாதாரண கேம்பருக்கு 14 அங்குலச் சக்கரம் இருக்கும். இழுக்கும் வண்டிக்கோ 17 அங்குலம். அதனால் ட்ரெய்லர் சக்கரத்தைப் பெரிதாக்கலாமா என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. மாற்றுவதானால் இரண்டு வண்டியின் சக்கரமும் முழுக்க ஒன்றாகும்படி மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். பாதி மாற்றுவதைவிட மாற்றாமல் விடுவது மேல்.

காரணம் ஸ்டெப்னிக் கணக்கில் இருக்கிறது. சக்கரங்கள் வேறு வேறாக இருந்தால், வண்டிக்கு ஒரு ஸ்டெப்னி, ட்ரெய்லருக்கு ஒரு ஸ்டெப்னி. வண்டியின் டயர்கள் இரண்டு கிழிந்துவிட்டால், ட்ரெய்லரில் நல்ல ஸ்டெப்னி இருந்தும் பயனில்லை. ஆறு சக்கரமும் ஒன்றாக இருந்தால் அதே இரண்டு ஸ்டெப்னியும் ஆறுக்கும் பொது. அதைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு: நிலைமை முற்றினால் ட்ரெய்லரை ஓரமாக நிறுத்தி, அதன் சக்கரங்களையும் கழற்றி மாட்டிக்கொண்டு வண்டியை மட்டும் அடுத்த ஊருக்கு ஓட்டிப் போய்விடலாம். அடுத்த மனித முகத்தைப் பார்க்க நூறு கிலோமீட்டர் போகவேண்டிய இடத்தில், கையிருப்பு இரண்டிலிருந்து நான்காவது சிறு விஷயமல்ல. கூடுதலாக, ட்ரெய்லர் சக்கரங்களின் இடைவெளியும் வண்டியுடையதோடு ஒத்துப்போனால், மணலில் முன்வண்டி அழுத்திப் போட்ட தடத்திலேயே பின்னதும் உருளும். புதுத்தடம் வெட்டும் இழுவை குறையும்.

ஆனால் 'ஒன்று' என்ற சொல்லுக்குள் பல அளவுகள் அடங்கியிருக்கின்றன. டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர் இரண்டிலும் ஆறு போல்ட்; போல்ட் வட்டத்தின் விட்டமும் ஒன்றே, 139.7 மில்லிமீட்டர். அதோடு பொருத்தம் முடிந்தது என்று நினைத்தால் அங்கேதான் இடிக்கும். டொயோட்டா ரிம்மின் நடுத்துளை சுமார் 106 மில்லிமீட்டர். ரேஞ்சருடையது 93 சொச்சம். பெரிய துளையை நம்பிச் செய்த ஹப்பில் ரேஞ்சர் ரிம் உட்காரவே உட்காராது. அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் முகம் எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்பதே அது. அது கூடக்கூட சக்கரம் உள்ளே ஒதுங்கும். பூஜ்ய ஆஃப்செட்டுக்குச் செய்த ஆக்சிலில் வண்டியின் ரிம்மை மாட்டினால் டயர் ஸ்பிரிங்கில் உரசக்கூடும். கடைசியாக, கண்ணுக்குத் தப்பிவிடும் நட்டு. டொயோட்டாவின் அலாய் ரிம்முக்குப் பெரும்பாலும் வாஷரோடு கூடிய தட்டை அடி நட்டு. ட்ரெய்லரின் இரும்பு ரிம்முக்குக் கூம்பு முனை நட்டு. ஒன்றுக்கு மற்றொன்றை முடுக்கினால் முதலில் இறுகியதுபோலத் தோன்றும். குலுங்கும் சாலையில் தளர்ந்துவிடும். சக்கரம் பொருந்தியும் நட்டு பொருந்தாவிட்டால் அது பொருத்தமே அல்ல.

இந்த மாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. 185 ஆர் 14 சி டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். 265/65 ஆர் 17 டயர் 77.6 சென்டிமீட்டர். ஆக்சில் 6 சென்டிமீட்டருக்கு மேல் உயரும். தரை இடைவெளிக்கு நல்லதுதான். ஆனால் ட்ரெய்லரின் எடைமையமும் அதே அளவு உயரும். இணைப்புக் கொக்கியின் உயரத்தையும் சரிசெய்யாவிட்டால் ட்ரெய்லர் மூக்கு தாழ்ந்து ஓடும். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே, முழுச் சுமையில் ஸ்பிரிங் அமுங்கும்போதும் இடம் மிஞ்ச வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம் பிரேக். டிரம் அதேதான், அது தரும் முறுக்கு விசையும் அதேதான். சக்கரத்தின் ஆரம் மட்டும் கூடுகிறது. அதனால் தரையில் கிடைக்கும் நிறுத்து விசை சுமார் 16 சதவீதம் குறைந்துவிடும்.

இதை வைத்தே 'பெரிய சக்கரம் வேண்டாம்' என்போர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் ஆபத்து உண்மை. அதற்குப் பரிகாரமும் உண்டு. 10 அங்குல டிரம்மை 12 அங்குலத்துக்கு மாற்றினால் இழந்த விசை திரும்பக் கிடைக்கும். அந்தப் பெரிய டிரம்முக்குப் பொதுவாக 15 அங்குல ரிம்மாவது தேவை. 17 அங்குலத்துக்குள் தாராளமாக அடங்கும். அந்தச் செலவுக்கு மனமில்லாதவர் சக்கரத்தையும் தொடக்கூடாது. சின்ன டயர் சுமை தாங்காது என்ற இன்னொரு பேச்சை நான் ஏற்கவில்லை. அதன் பக்கச் சுவரில் 102 என்று அச்சிட்டிருந்தால் ஒரு டயர் 850 கிலோ தாங்கும், இரண்டும் சேர்ந்து 1,700. தார்ச்சாலையிலேயே போய் முகாம் பூங்காவில் கூடாரம் விரிப்பவருக்கு இது போதும். விலையும் குறைவு, எடையும் குறைவு. அவர் பெரிய சக்கரம் வாங்கினால் அது தோற்றத்துக்கான செலவு. 14 அங்குலத்திலிருந்து 15-க்குப் போய் நிற்பதிலோ ஸ்டெப்னிக் கணக்கு துளியும் மாறாது.

ஒன்றாக்கிய பிறகும் ஒரு கடமை பாக்கி இருக்கிறது. ட்ரெய்லர் டயர் தேய்வது குறைவு. ஆனால் வெயிலில் நின்றே முதுமை அடையும். பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ட்ரெட் நிறைந்திருக்கிறது என்று பழைய டயரை நம்பிவிடக்கூடாது. மேலும், எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டியில், தேய்ந்த டயர்களுக்கு நடுவே ஒரு புத்தம்புதுச் சக்கரம் சுற்றளவில் மாறுபட்டு டிஃபரன்ஷியலைச் சிரமப்படுத்தும். ஆறு டயரையும் ஸ்டெப்னிகளையும் சுழற்சியாக இடம் மாற்றி வந்தால் தேய்மானமும் வயதும் ஒன்றுபோல் இருக்கும். இத்தனையும் செய்த பிறகு, பயணத்துக்கு முந்தைய வாரம் வீட்டு வாசலில் ஜாக்கி வைத்து, வண்டியின் ஒரு சக்கரத்தை ட்ரெய்லரிலும் ட்ரெய்லரின் ஒரு சக்கரத்தை வண்டியிலும் மாட்டி, உரிய நட்டைப் போட்டு இறுக்கி, முழுச் சுமையோடு 50 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து மறுபடி இறுக்க வேண்டும். உரசல் இருந்தால் அங்கேயே தெரியும். நட்டு பொருந்தாவிட்டால் அங்கேயே தெரியும். அந்தச் சோதனையில் தேறிய சக்கரத்தைத்தான் மாற்றிய சக்கரம் என்று சொல்லலாம்.