அறை கொடுத்தீர்கள், அடுப்பு எங்கே?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும்போது நம் அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகின்றன. விசா, விமான டிக்கெட், இன்சூரன்ஸ், ஓட்டல், தினப்படி, ஏர்போர்ட்டுக்கு டாக்சி. போகிறவன் ராத்திரி என்ன சாப்பிடுவான் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நாமாகக் கேட்டால், "அதுக்குத்தான் அலவன்ஸ் தர்றோமே சார்" என்று பதில் வருகிறது. கையில் யூரோ இருந்தால் வயிறு நிறைந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் ஜெர்மனியின் மியூனிக் புறநகரில் ஒரு மாதம் தங்கிப் பார்க்க வேண்டும்.

கார் கம்பெனிகளுக்காக சாஃப்ட்வேர் எழுதும் வேலை சென்னையிலும் கோவையிலும் ஏராளமாக நடக்கிறது. அதனால் மியூனிக், ஸ்டுட்கார்ட் பக்கம் நம் பிள்ளைகள் போய்வந்துகொண்டே இருக்கிறார்கள். நானும் போய்வருகிறேன். அந்த ஊரின் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஊர்க்காரர்கள் சூடாகச் சாப்பிடுவது மத்தியானம். பதினொன்றரைக்கே கேன்டீனில் வரிசை கட்டி விடுவார்கள். ராத்திரிக்கு ரொட்டி, சீஸ், இறைச்சித் துண்டு, ஊறவைத்த வெள்ளரிக்காய் என்று ஆறிய சாப்பாடு. அந்தக் கறுத்த, புளித்த மாவு ரொட்டி உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் ராத்திரி இரண்டு தோசையோ, ரசஞ்சாதமோ சுடச்சுட உள்ளே போனால்தான் தூக்கம் வரும் என்று வளர்ந்த உடம்பு இது. சில நாள் ரொட்டியில் ஓட்டலாம். வாரக்கணக்கில் எப்படி?

கடைக்குப் போய் வாங்கிச் சாப்பிட வேண்டியதுதானே என்பார்கள். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் கடைகளை ராத்திரி எட்டு மணிக்கு மூடிவிட வேண்டும். 2006-இல் கடை நேரத்தை முடிவுசெய்யும் அதிகாரம் மாநிலங்களின் கைக்கு வந்தபோது பல மாநிலங்கள் தளர்த்தின, பவேரியா தளர்த்தவில்லை. வாடிக்கையாளர் மீட்டிங் முடிந்து, ரயில் பிடித்து, நாம் வந்து சேர்வதற்குள் ஷட்டர் இறங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம். ஜெர்மனியின் 1919-ஆம் வருடத்து வைமர் அரசியல் சட்டத்திலேயே ஞாயிறு ஓய்வு நாள் என்று எழுதி வைத்துவிட்டார்கள். அந்தப் பிரிவு இன்றைய சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. கடையில் வேலை செய்கிறவருக்கும் ஒரு நாள் பிள்ளைகுட்டியோடு இருக்கக் கிடைக்கிறது. நல்ல விஷயம், நம் ஊரிலும் வர வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் சனிக்கிழமை வாங்கி வைக்காதவனுக்கு மறுநாள் பெட்ரோல் பங்க் சாண்ட்விச்சோ, பெரிய ரயில் நிலையத்துக் கடையோதான் கதி. வாங்கி வைக்கலாம் என்றாலும் அதை எங்கே சமைப்பது?

என்னோடு ஒருமுறை வந்த பையன் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டான். ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு உணவகத்துக்குள் நுழைந்தோம். உருளைக்கிழங்கு சாலட் கேட்டான். அந்தப் பக்கத்தில் அதை இறைச்சி வேகவைத்த சாறு ஊற்றித்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். ஊதா முட்டைக்கோஸ் பொரியல் மாதிரி ஒன்று கேட்டான். அதில் பன்றிக் கொழுப்பு. பருப்பு சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு. சீஸ் போட்டு வெங்காயம் வறுத்துத் தூவிய ஷ்பெட்ஸ்லே இருக்கிறதே என்று பரிமாறுகிற அம்மாள் பரிவோடுதான் சொன்னார். அந்த மாவில் முட்டை. பாவம், அவர் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார். இவன் கடைசியில் பச்சை இலைகளையும் பொரித்த உருளைக்கிழங்கையும் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். தண்ணீருக்கும் தனிக் காசு. இதற்குப் பெயர் அலவன்ஸா?

மியூனிக் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் துருக்கிக் கடைகள், ஆசியக் கடைகள் என்று வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு ஈழத்துக் குடும்பத்தின் கடையில் புழுங்கலரிசி, துவரம்பருப்பு, முருங்கைக்காய், அப்பளம் எல்லாம் இருந்தன. அரிசிப் பையைக் கையில் எடுத்த என்னிடம் கல்லாவில் இருந்த அக்கா கேட்டார்: "தம்பி, அறையிலை சமைக்க வசதி இருக்கோ?" இல்லை என்றேன். "பிறகு அரிசியை வாங்கி என்ன செய்யப் போறீங்கள்?" என்றார். எங்கள் அலுவலகத்தில் இத்தனை வருஷமாக ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அவருக்கு ஒரு நிமிஷத்தில் தோன்றியது.

ஓட்டல் அறையில் நாலு தலையணை இருக்கும், இஸ்திரிப் பெட்டி இருக்கும். சில அறைகளில் வெந்நீர் போடும் கெட்டில்கூட இருக்காது. வெந்நீர் ஊற்றினால் வேகும் உப்புமா, அவல், பருப்புப் பொடி என்று ஊரிலிருந்து மூட்டை கட்டிப் போகிறோம். நெய்யோ பால்கோவாவோ கொண்டுபோக முடியாது. பால் பொருளுக்கு ஐரோப்பிய எல்லையில் தடை. சான்றிதழ் இல்லாமல் நாலு கொத்து கறிவேப்பிலைகூடக் கூடாது. மிஞ்சியதை வைத்துக்கொண்டு பி.இ. படித்த பிள்ளைகள் சின்ன ரைஸ் குக்கரை சூட்கேஸில் ஒளித்து எடுத்துப் போகிறார்கள். குளியலறையில், எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் கீழே, கதவிடுக்கில் ஈரத் துண்டைச் செருகிவிட்டு சோறு வடிக்கிறார்கள். ஆவி வெளியே போய்ப் புகை அலாரம் அடித்தால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும், பில் இவன் தலையில் விழும். அறையில் சமைக்கக் கூடாது என்று ஓட்டல்காரர் சொல்வதில் தப்பே இல்லை. வெளிநாட்டுக்குப் போய் வேலை பார்க்கிற பிள்ளை ஒரு பிடி சோற்றுக்காகத் திருடனைப் போல ஒளிந்து நிற்பதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இரண்டு மின்னடுப்பு, ஒரு ஃப்ரிட்ஜ், நாலு பாத்திரம் வைத்த சர்வீஸ் அபார்ட்மென்டுகள் அதே ஊரில் மாத வாடகைக்குக் கிடைக்கின்றன. நான் விசாரித்த இடங்களில் ஓட்டல் வாடகைக்கும் அதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எங்கள் டிராவல் டெஸ்கில் கேட்டேன். "பாலிசியில் ஓட்டல்தான் சார் இருக்கு. பிரேக்ஃபாஸ்ட் கொடுக்கிறாங்களே!" என்றார்கள். அந்தக் காலைச் சாப்பாட்டுக்கு தினப்படியில் கழிப்பதை மட்டும் மறப்பதில்லை.

அடுத்த மாதம் இரண்டு பேர் கிளம்புகிறார்கள். ஒருவனுக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். அவன் அம்மா இப்போதே பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறாராம். அவர்களுக்கும் அதே ஓட்டலில்தான் புக் பண்ணியிருக்கிறார்கள். ரத்து செய்துவிட்டு அடுப்புள்ள வீடு பார்த்துக் கொடுங்கள் என்று மேலதிகாரிக்கு மெயில் போட்டிருக்கிறேன். மூன்று அபார்ட்மென்டுகளின் வாடகையையும் அதில் எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.